அக்கா திருப்பி அனுப்பிய இளநீர்

எங்கள் அக்கா மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பதை அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்த்தேன். பொறுமையின் இருப்பிடம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அமைதியே உருவானவர் என்று இன்னொருவர். இவர்கள் யாரும் அக்காவோடு ஒரு வாரம் ஒரே வீட்டில் இருந்ததில்லை போலிருக்கிறது. அக்கா பிடிவாதக்காரர். அவருடைய தங்கையான நானும் சளைத்தவள் இல்லை என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். உங்களில் சிலர் அவரைப் பற்றி ஒரு பேச்சுப் பேசினீர்கள். "கட்டுன புருசன் தாகத்துக்குத் தண்ணி கேட்டாக் குடுக்காத டீச்சரம்மா" என்பது அந்தப் பேச்சு. திருச்செங்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில், கை கழுவும் இடத்தில், என் காதாலேயே கேட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அன்று பேசாமல் வந்துவிட்டேன். இன்று பேசாமல் இருக்கப் போவதில்லை. அது மாமாவின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நடந்தது நடந்தபடி உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நாங்கள் சேந்தமங்கலத்தில் பிறந்தவர்கள். அப்பா கட்டட மேஸ்திரி. எனக்குப் பின்னால் ஒரு தம்பி இருந்தான். ஒரு கோடையில் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று வீட்டில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் கூடி முடிவெடுத்தார்கள். ஒருவரும் கெட்டவர் இல்லை. நாக்கு வறண்டு அவன் தண்ணீர் கேட்டதும், சொம்போடு ஓடிய அக்காவைப் பிடித்து நிறுத்தியதும் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் இறந்துவிட்டான். பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரியில், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பற்றிப் பாடம் நடந்த அன்று, அக்கா வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போய் அழுதாராம். இதை என்னிடம் அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார். எதற்காக அந்தப் படிப்பை எடுத்தார் என்று நான் அதற்குப் பிறகு கேட்டதே இல்லை.

அந்தப் படிப்பின் பெயர் மனையியல். அப்பாவுக்கு அது புரியவில்லை. "மனை வாங்கி விக்கற படிப்பா சாமி?" என்று கேட்டார். மேஸ்திரி அல்லவா, மனை என்றால் அவருக்கு நாலு மூலைக்கும் கல் நட்ட இடம்தான். அக்கா விளக்கிச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "சோறாக்கறதுக்குக் காலேசா? ஊரு சிரிக்குமே" என்றார். அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு என்று கேட்கிற ஊரில், அடுப்பூதுவதையே படிப்பாகப் படிக்கிறேன் என்று நின்றவர் எங்கள் அக்கா. அப்பா சிரித்தாரோ அழுதாரோ தெரியாது, கோயம்புத்தூருக்கு அனுப்பி வைத்தார்.

படித்து முடித்து நாமக்கல் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை ஆனார். அந்தப் பள்ளியில் மனையியல் பிரிவுக்குச் 'சோத்து குரூப்பு' என்று பெயர். மார்க் குறைந்த பெண்களை அதில் தள்ளிவிடுவார்கள். அக்காவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே மூக்கு சிவந்துவிடும். "கம்ப்யூட்டர் குரூப்புப் புள்ளைங்க எல்லாம் மத்தியானம் எதத் திங்கறாங்களாம்?" என்று ஆசிரியர்கள் அறையிலேயே கேட்பார். குழந்தையைக் குளிப்பாட்டுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பது, நோயாளிக்கு என்ன சமைப்பது என்று அவர் நடத்திய பாடங்களுக்குச் சோறு என்று பெயர் வைத்தவர்களை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது. அக்காவுக்கு இருந்த வருத்தம் வேறு. "ஊட்டுல பொம்பளைங்க மட்டுமா இருக்கறாங்க? இதைப் பசங்களுக்கு யாரு நடத்தறது?" என்பார். பிறகு அந்தப் பிரிவில் சேர ஆளில்லை என்று மூடினார்கள். அக்கா ஓய்வு பெறுவதற்கு முன்பே அவருடைய ஆய்வகத்தில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவிட்டார்கள்.

பாடத்தை மூடினார்களே தவிர, அதன் தேவை மூடிக்கொண்டதா? இன்று போனைத் தட்டினால் பிரியாணி வருகிறது. குழந்தைக்கு எது சத்து என்று விளம்பரம் சொல்கிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து, சிறுநீரகத்துக்குக் கஷாயம், எல்லாவற்றுக்கும் வாட்ஸப்பில் ஆள் இருக்கிறது. யார் சொல்வதை நம்புவது, இந்த வீட்டில் இந்த உடம்புக்கு எது ஆகும் என்று பிரித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. மனையியல் என்பது அந்தப் பிரித்துப் பார்க்கும் படிப்பு. நான் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அக்காவின் அடுப்படியில் நின்று பார்த்துச் சொல்கிறேன்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். வெல்டிங் சூட்டில் நின்று வேலை செய்தவர் என்பதால் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பார். சாப்பாட்டிலும் கணக்குப் பார்க்காதவர். சர்க்கரை நோய் வந்தது, இரத்த அழுத்தம் வந்தது, அவர் இரண்டையும் விருந்தாளி மாதிரி நினைத்துக்கொண்டார். கடைசியில் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ் என்று ஆயிற்று. மருத்துவர் வீட்டுக்கு அனுப்பும்போது, "உப்பு, பொட்டாசியம், தண்ணி, மூணுலயும் கவனமா இருங்க. தப்புச்சுன்னா இதயம் நின்னுரும்" என்றார்.

அன்று ஆட்டோவில் அக்கா என்னிடம் சொன்னார்: "டாக்டர் சொன்னது வாசப்படி வரைக்கும்தான் வரும். அதுக்கு மேல அடுப்படிதான் பாத்துக்கணும்."

மறுநாளே அக்காவின் அடுப்படி தலைகீழாக மாறியது. காய்களைத் தோல் சீவிப் பொடியாக நறுக்கி, வெந்நீரில் ஊறப் போட்டு, அந்த நீரைக் கொட்டி, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துக் கொட்டினார். காயில் இருக்கும் பொட்டாசியத்தில் பெரும் பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடுமாம். ஒரு நாள் அவரைப் பார்க்க வந்த பழைய மாணவி ஒருத்தி வாயில் கை வைத்துக்கொண்டாள். "டீச்சர், காய் வெந்த தண்ணியக் கொட்டுனா முட்டி போட வெப்பீங்களே! சத்துப் போயிருமுன்னு சொன்னது நீங்கதானுங்களே?"

"அது நல்லா இருக்கறவங்களுக்கு நடத்துன பாடம் கண்ணு. இது இவருக்கு" என்றார் அக்கா.

அக்காவின் மகள் நித்யா பெங்களூரில் கணினி வேலையில் இருக்கிறாள். அப்பாவுக்காக உப்புக் குறைந்த உப்பு என்று ஒன்றை ஆசை ஆசையாக அனுப்பி வைத்தாள். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தார். சோடியத்தைக் குறைப்பதற்காகப் பொட்டாசியத்தைச் சேர்த்திருந்தார்கள். நல்ல உடம்புக்கு அது சரியாக இருக்கலாம், மாமாவுக்கு விஷம். அந்த டப்பாவை அக்கா அப்படியே குப்பையில் போட்டார். 

சாப்பாட்டைவிடக் கொடுமை தண்ணீர். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவார். நாமக்கல் வெயில் உங்களுக்குத் தெரியாததா? மதியத்துக்குள் பாட்டில் காலியாகிவிடும். பிறகு மாமா கேட்பார். முதலில் அதிகாரமாகக் கேட்பார், அப்புறம் கெஞ்சுவார். "டீச்சரம்மா, ஒரு முழுங்கு. ஒரே முழுங்கு." அக்கா ஒரு ஐஸ் துண்டை அவர் வாயில் போடுவார். கொப்பளித்துத் துப்பச் சொல்வார். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்க் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். தண்ணீர் இல்லாமல் ஒரு தம்பியைப் பறிகொடுத்தவர், தண்ணீர் கொடுத்தால் கணவர் போய்விடுவார் என்று தெரிந்து நிற்கிறார்.  ஜன்னல் வழியாக இதைப் பார்த்தவர்கள்தான் கல்யாண மண்டபத்தில் பேசினார்கள்.

அடுத்தது, நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள். நம் பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். மாம்பழப் பருவத்தில் மாம்பழம், மற்ற நாளில் வாழைப்பழம், சாத்துக்குடி, எல்லா நாளும் இளநீர். பாசத்தோடு கொண்டுவரும் எல்லாமே பொட்டாசியம் நிறைந்தவை, மாமாவுக்கு ஆகாதவை. அக்கா வாசலிலேயே நின்று பையைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே வாங்கி வைத்துவிட்டுப் பிறகு யாருக்காவது கொடுக்கலாமே என்று நான் சொன்னேன். "உள்ள வந்தா அவரு கண்ணுல படும். கண்ணுல பட்டாக் கேப்பாரு. எத்தன தடவதான் நானே இல்லைங்கறது?" என்றார். 

ஒரு நாள் மோகனூரிலிருந்து மாமாவின் உடன்பிறந்த அக்கா வந்தார். எங்கள் அக்காவுக்கு அவர் நங்கையா முறை. நானும் அவரை நங்கையா என்றே அழைப்பேன். தாய் இறந்த பிறகு மாமாவைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். காவிரிக்கரைத் தோட்டத்தில் தானே நின்று வெட்டச் சொல்லி, ஒரு குலை இளநீரைக் காரின் பின்னால் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏனம்மணி, என்ற தம்பியப் பாக்க வந்தவ கொண்டாந்ததைத் திருப்பி அனுப்பறயா? இது கடையில வாங்குனதில்ல. எங்க மரத்துக் காயி."

"அதுதானுங்க நங்கையா பயம். கடை எளநின்னா ஒரு வாயி குடிச்சுட்டு வெச்சுருவாரு. உங்க மரத்துதுன்னா பூராத்தையும் குடிச்சுருவாரு. இப்ப எளநி அவருக்கு ஆகாதுங்க."

"எளநி ஆகாதா? சாகக் கெடக்கறவனுக்கே எளநி ஊத்துவாங்க. படிச்சுப் படிச்சு உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

நங்கையா உள்ளே வரவில்லை. ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்காமல் காரில் ஏறிவிட்டார். நம் பக்கத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்காமல் திரும்புவது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பிறகு பல மாதங்கள் இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை. மாமா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அக்காவின் பிடிவாதம் சரிதான், ஆனால் அந்த வீடு வீடாக இல்லை.

இங்கிருந்து நான் எழுதப்போவதை நங்கையாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "எழுதம்மணி. நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்" என்று அவரே சொன்னார்.

அக்கா வேலை பார்த்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை அவரைப் பேச அழைத்திருந்தார். பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் பள்ளி. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கவும், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் செய்ய வேண்டியதையும் எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டும் என்றார். மனையியலைத் தேடி ஒரு பள்ளி தானாக வந்து கூப்பிட்டது அக்காவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். நான் குடியிருக்கும் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வந்து துணைக்குப் போனேன். மாமாவுக்குச் சாப்பாடும் தண்ணீரும் அளந்து வைத்துவிட்டுக் கிளம்பினோம். அவர் எழுந்து நடமாடக் கூடியவர்தான். பேச்சு முடிந்து வரும்போது அக்கா பேருந்தில் சிரித்துக்கொண்டே வந்தார். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "கெழங்கு வேக வெச்ச தண்ணிய என்னங்க மிஸ் பண்றது?" என்று கேட்டிருந்தான்.

வீட்டு வாசலில் நங்கையாவின் கார் நின்றது.

கோயில் பண்டிகைக்கு அழைக்க வந்திருக்கிறார். தம்பி தனியாக இருந்திருக்கிறார். காரில் இளநீர் இருக்கிறதா என்று கேட்டவர் மாமாவேதான். நங்கையா எங்களைப் பார்த்ததும் சண்டைக்குத் தயாராக எழுந்தார். "பாரு அம்மணி, எத்தன நாளைக்குப் பொறவு வவுறு குளுந்து படுத்திருக்கறான்."

அக்கா செருப்பைக் கழற்றவில்லை. நேராக மாமாவிடம் போனார். மாமாவின் முகம் வெளுத்திருந்தது. "காலத் தூக்க முடியல டீச்சரு. மரத்தாப்ல இருக்குது" என்றார். அக்கா அவருடைய நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு திரும்பி, "எத்தன எளநிங்க நங்கையா?" என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"ரெண்டு. மூணாவதுல பாதி."

அக்கா போனை எடுத்தார். டயாலிசிஸ் பிரிவுக்குப் பேசினார். எத்தனை இளநீர், எப்போது குடித்தார், காலையில் என்ன சாப்பிட்டார், மருந்து எதெது போட்டார், கடைசி டயாலிசிஸ் எப்போது, கால் மரத்திருக்கிறது, நாடி விட்டு விட்டு அடிக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். ஒரு வார்த்தை வீணாக இல்லை. நானாக இருந்திருந்தால் முதலில் நங்கையாவோடு சண்டை போட்டிருப்பேன், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நங்கையாவின் காரிலேயே போனோம். பின் இருக்கையில் மாமாவின் தலை அக்காவின் மடியில் இருந்தது. ரயில்வே பாலத்துக்குப் பக்கத்தில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஓட்டுநர் ஹாரன் மேல் ஹாரன் அடிக்கிறார், எதுவும் நகரவில்லை. அக்கா நாடியிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. முன் இருக்கையிலிருந்து நங்கையா திரும்பித் திரும்பிப் பார்த்தார். "அம்மணி, நான் என்னத்தக் குடுத்துப்போட்டேன்?" என்று கேட்டார். அவருடைய உதடு கோணியது.

"எளநிதானுங்க" என்றார் அக்கா. 

மருத்துவமனையில் ஆயத்தமாக இருந்தார்கள். இதயத் துடிப்பைப் பதிவு செய்ததுமே ஊசி போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடிக்கொண்டது. நங்கையா தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஓர் இளம் மருத்துவர் வெளியே வந்தார், நல்ல கோபத்தில் இருந்தார். "யாருங்க இளநி குடுத்தது? இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா ஆளு இல்லை."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை நறுக்கென்று கிள்ளினார்.

"நாங்கதானுங்க குடுத்தோம்" என்றார் மருத்துவரிடம். "ஊட்டுல எல்லாருக்கும் நான் சரியாச் சொல்லி வெக்கலீங்க."

தரையில் உட்கார்ந்திருந்த நங்கையா அப்போதுதான் சத்தம் போட்டு அழுதார்.

மாமா பிழைத்தார். வீட்டுக்கு வந்ததும் அக்கா செய்த காரியத்தை என்னால் முதலில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நங்கையாவை மோகனூருக்கு அனுப்பாமல் வீட்டிலேயே இருக்கச் சொல்லி, காய் வடிக்கும் வேலையை அவர் கையில் கொடுத்தார். கொதித்துப் போய்க் கேட்டேன். "ஏனக்கா, உனக்குப் பைத்தியமா? ஆளையே கொல்லப் பாத்தவங்க கையில கரண்டியக் குடுக்கறயே?"

"ஆசை இல்லாதவங்களா எளநி கொண்டாருவாங்க? அந்த ஆசையை நம்மால சொல்லிக்குடுக்க முடியாது. மத்ததச் சொல்லிக்குடுக்கலாம்" என்றார் அக்கா.

அப்படியே செய்தார். நங்கையா முதல் நாள் காய்த் தண்ணீரைக் கொட்டும்போது, "சத்தப் பூராச் சாக்கடையில ஊத்தறனே சாமி" என்று அழுதுகொண்டேதான் கொட்டினார். மாமாவையும் அக்கா சும்மா விடவில்லை. அரிவாள்மனை முன்னால் உட்கார முடியாதவருக்கு மேசையும் கத்தியும் போட்டுக் கொடுத்தார். தகடு வெட்டிய கை அல்லவா, உருளைக்கிழங்கை ஒரே அளவாக நறுக்குவார். "பசங்களுக்குப் பாடம் நடத்தலைன்னு கொறை பட்டியே டீச்சரு, இந்தா ஒருத்தன் சேந்திருக்கறான்" என்று கேலி செய்வார். அந்த வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

அது நீடிக்கவில்லை. அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது முற்றியிருந்தது. மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் தன் வயிற்றைப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு அவர்மேல் இன்னும் கோபம்தான் வருகிறது. ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள். ஒருவர் நிறையக் குடிக்க வேண்டும், இன்னொருவர் குடிக்கவே கூடாது. மாமாவும் நங்கையாவும் இரண்டு அடுப்பில் இரண்டு சமையல் செய்தார்கள். கடைசி வாரங்களில் அக்காவுக்கு வேறெதுவும் இறங்கவில்லை. இளநீர் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள். மாமா தன் கையாலேயே ஒரு கரண்டி, ஒரு கரண்டியாக அவருக்கு ஊட்டினார். உதடு காய்ந்து வெடித்திருந்த மனிதர், ஊட்டி முடித்ததும் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வருவார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு அவர் வாய்க்குப் போகவில்லை.

அக்கா ஒரு காலைப் பொழுதில், எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போது, அடங்கினார்.

சாவு வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது என்பது நம் வழக்கம். சடங்கு முடியும்வரை உறவுக்காரர்கள்தான் சமைத்துக் கொண்டுவருவார்கள். அன்றும் பெரிய பெரிய தூக்குகளில் சாதமும் சாம்பாரும் வந்தன. சாம்பாரில் கிழங்கும் தக்காளியும் மிதந்தன. உப்பு வழக்கம்போல. மாமா மறுநாள் டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர். இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நித்யா அதைக் கவனித்துவிட்டாள். ஏற்கெனவே அழுது வீங்கிய முகம், இப்போது வெடித்தது.

"அப்பாவை நான் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறேன். இங்க விட மாட்டேன். அத்தை கையில விட்டுட்டுப் போக எனக்குப் பயமா இருக்கு. தப்பா நினைச்சாலும் பரவாயில்லை."

 எல்லோருக்கும் முன்னால் சொல்லப்பட்ட சொல். நங்கையா தலையைக் குனிந்துகொண்டார். சரியென்று ஒப்புக்கொள்வதா, அவளை அதட்டுவதா என்று எனக்கே தெரியவில்லை. அவள் பயந்ததில் தவறு இல்லை.

மாமா மெதுவாக எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கத்தியை எடுத்து ஒரு சுரைக்காயைத் தோல் சீவ ஆரம்பித்தார். நறுக்கி, வெந்நீர் வைக்க அடுப்பைப் பற்ற வைக்கப் போனபோது பங்காளிகளில் ஒரு பெரியவர் எழுந்து வந்தார். "என்னுங்க தம்பி, எழவு ஊட்டுல அடுப்புப் பத்த வெக்கக் கூடாதுங்க. அந்தம்மா ஆத்துமா சாந்தியடையாது."

மாமாவின் கை அடுப்பின் திருகிலேயே நின்றுவிட்டது. அவர் எப்போதும் பெரியவர்கள் சொல்லை மீறாதவர். அவர் கையை எடுத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

நங்கையா எழுந்தார். அந்த வீட்டுக்கு மூத்தவர், எந்தச் சடங்கையும் விட்டுக் கொடுக்காதவர். நேராகப் போய்த் தம்பிக்குப் பக்கத்தில் நின்றார். "பத்த வெய்யி சாமி" என்றார். "அடுப்பு எரியாட்டித்தான் அவ ஆத்துமா அடங்காது. தோசம் எது வந்தாலும் அது எனக்கு வரட்டும்."

அடுப்பு எரிந்தது. தண்ணீர் கொதித்ததும் மாமா காயைப் போட்டு வேகவிட்டார். நங்கையா வடிதட்டைப் பிடித்தார். இருவரும் சேர்ந்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினார்கள். அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நித்யா அத்தையின் தோளில் சாய்ந்து அழுதாள். பெங்களூர்ப் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

அக்காவின் நோய்க் காலத்தில் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மாமாவின் நாடி தப்பிய அன்று வாசலிலேயே காத்திருந்து கதவைத் திறந்த டயாலிசிஸ் பிரிவினருக்கும், அன்று லாரிகளுக்கு நடுவே எங்களைக் கொண்டு சேர்த்த ஓட்டுநர் தம்பிக்கும், காரியத்தன்று பந்தல் முழுவதும் பரிமாறிய 'சோத்து குரூப்பு' மாணவிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நங்கையாவுக்கு நான் தனியாக நன்றி சொன்னேன், என்னைத் திட்டினார். தவறாகப் பேசியவர்களுக்கும் நன்றிதான், நீங்கள் பேசாவிட்டால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

நினைவு நாளன்று மதியம் வீட்டில் பந்தி இருக்கிறது. அனைவரும் வந்து உணவருந்திச் செல்ல வேண்டுகிறோம். மாமாவும் உங்களோடு ஒரே வரிசையில் உட்காருவார். பாசத்தில் அவர் இலையில் யாரும் எதையும் வைத்துவிட வேண்டாம். அவருக்கு வேண்டியதை அவர் காலையிலேயே சமைத்து வைத்திருப்பார்.